ஏற்றிய இஞ்சினை மறுபடியும் இறக்கியது: ஒரு பழைய புல்லட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நாமக்கல் பக்கம் இருக்கும் எங்கள் பட்டறைக்கு ஒரு ஆனி மாதத் தொடக்கத்தில் 350 சிசி புல்லட் ஒன்று தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தது. 1984-ஆம் ஆண்டு வண்டி. வார்ப்பிரும்பு இஞ்சின், நான்கு கியர், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். உரிமையாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வண்டி அவருடைய அப்பா வாங்கியது. அப்பா போன பிறகு பல வருடம் மாட்டுக்கொட்டகை ஓரமாகவே நின்றிருக்கிறது.

அவர் கேட்டது ஒன்றுதான்: ஆடி 18-க்குக் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா, அதற்கு இந்த வண்டியில் ஏறிப் போக வேண்டும். அப்பாவும் அவரும் அப்படிப் போன நாட்கள் உண்டாம். கையில் ஏழு வாரம் இருந்தது. "ஆகும் சார்" என்று சொன்னது நான். பின்னால் நடந்த பலதுக்கும் இந்த ஒப்புதல்தான் ஆரம்பம் என்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

இந்த இஞ்சினைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பிஸ்டன் விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., கணக்குக்கு 346 சிசி. ஆயிலுக்கென்று தனி டாங்க் வெளியே கிடையாது. கிராங்க் கேஸிலேயே ஒரு தனி அறையில் ஆயில் நிற்கும். இஞ்சினின் வலப்பக்கத்து மூடியான டைமிங் கவருக்குள் இரண்டு பம்ப். ஒன்று அந்த அறையிலிருந்து ஆயிலை எடுத்து ஃபில்டர் வழியாகக் கிராங்க்கின் நுனிக்கு அனுப்பும். அங்கிருந்து அது கிராங்க்குக்கு உள்ளேயே ஓடி, கனெக்டிங் ராடின் அடிமுனையான பிக் எண்டுக்குப் போகும். இன்னொன்று கீழே வடிந்த ஆயிலை உறிஞ்சி மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப். ஹெட்டில் வால்வுகளைத் தள்ளும் ராக்கருக்கு வெளியே ஓடும் சின்னக் குழாயில் போகும் ஆயில் இந்த ரிட்டர்ன் பம்பிலிருந்து பிரிவது. இந்தக் கடைசி வரி இந்த வழக்குக்கு முக்கியம்.

இறக்கியபோது கண்டவை

கிக்கர் இறங்கவில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு துருவில் ஒட்டியிருந்தது. இரண்டு நாள் டீசல் ஊற்றி வைத்துத்தான் அசைந்தது. பிக் எண்டில் கையால் உணரும் அளவுக்கு ஆட்டம். இந்த மாடலில் அங்கே ரோலர் கிடையாது, ராடுக்கும் கிராங்க் பின்னுக்கும் நடுவே தனியாகச் சுழலும் வளையமான மிதக்கும் புஷ். அது தேய்ந்து விளிம்பு வெட்டியிருந்தது. சிலிண்டரை 40 ஓவர்சைஸ் பிஸ்டனுக்குக் கடைந்து போர் போட வேண்டியிருந்தது. கிராங்க்கைச் சேலத்தில் கிராங்க் வேலை மட்டும் பார்க்கும் ஒரு லேத் பட்டறைக்கு அனுப்பினோம். அவர்கள் வேலை சுத்தம். புது கிராங்க் பின், புது புஷ், இரு முனையும் சென்டரில் வைத்து டயல் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். இஞ்சின் கட்டிய கதை இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, அது ஒழுங்காகவே நடந்தது. சிக்கல் எல்லாம் ஃப்ரேமில் ஏற்றும்போதும் ஏற்றிய பிறகும்தான்.

ஃப்ரேமில் ஏற்றியது

புல்லட் ஃப்ரேமுக்கு இஞ்சின் அடியில் குழாய் கிடையாது. முன்னால் இறங்கும் ஒற்றைக் குழாய்க்கும் பின்பக்கத்துக்கும் நடுவே இஞ்சினே பாலமாக நிற்கிறது. அதனால் இஞ்சினை இறக்கினால் ஃப்ரேமின் கீழ்ப்பக்கம் திறந்த வாய்தான். நாங்கள் இறக்கிய அன்றே முன் குழாய்க்கும் பின் பிளேட்டுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை அளவாக வெட்டிச் செருகி வைத்திருந்தோம். அப்படியும் ஏற்றும்போது பின் பிளேட்டின் மேல் போல்ட் துளை நேராக வரவில்லை. ஒரு பக்கம் அரை நூல் தள்ளி நின்றது.

இந்த இடத்தில் பட்டறைகளில் வழக்கமாக நடப்பது என்னவென்று எல்லோருக்கும் தெரியும்: போல்ட் நுனியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. போல்ட் போய்விடும். ஆனால் ஃப்ரேம் அந்த அரை நூலை நினைவில் வைத்துக்கொள்ளும். ஓடும்போது கைப்பிடியில் நடுக்கமாகச் சொல்லும். நாங்கள் தட்டவில்லை. கூம்பு நுனி உள்ள ஒரு கம்பியை விட்டுப் பார்த்தபோது முன் மவுண்டிங்கில் இஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது தெரிந்தது. இறக்கும்போது கழன்ற ஸ்பேசர் ஒன்று டப்பாவின் அடியில் கிரீஸோடு ஒட்டிக் கிடந்தது. அதைப் போட்டதும் பின் போல்ட் இரண்டு விரலில் உள்ளே போனது.

அந்த டப்பா, அந்த ஸ்பேசர். கழற்றிய சாமான் ஒன்று கண்ணில் படாமல் விட்டுப்போனது இந்த வேலையில் அதுவே முதல் தடவை. அன்றைக்கே அது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடிப்பகுதியை மட்டும் முதலில் ஏற்றி, சிலிண்டரையும் ஹெட்டையும் வண்டியில் வைத்தே மாட்டினோம். முழு இஞ்சினையும் தூக்குவதைவிட இது இரண்டு ஆளுக்கு இலகு. எல்லாப் போல்ட்டையும் கையிறுக்கத்தில் விட்டு, இஞ்சின் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகே ஒவ்வொன்றாக முறுக்கினோம். ஹெட்டிலிருந்து ஃப்ரேமுக்குப் போகும் ஸ்டெடி பட்டையைக் கடைசியில் இறுக்கினோம். அதை முதலில் இறுக்கினால் மற்றவை எல்லாம் அதன் இழுப்புக்கு வளைந்து கொடுக்கும்.

ராக்கரைத் தள்ளும் புஷ் ராடுகள் மேலும் கீழும் ஆடாமல், விரலால் சுற்றினால் மட்டும் சுற்றும்படி வைத்தோம். பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயின்ட், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்பு திறக்கும்படி வைத்தோம். ஃபில்டர் அறையில் ஆயிலைக் கையால் ஊற்றி நிரப்பி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை நாற்பது ஐம்பது முறை மிதித்து, ராக்கர் குழாய் நுனியில் ஆயில் எட்டிப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்தோம்.

முதல் ஸ்டார்ட்டும் ஒரு சொட்டு ஆயிலும்

ஆறாவது மிதியில் பிடித்தது. வாத்தியார் அன்று அங்கேதான் இருந்தார். ஒன்றும் பேசவில்லை, டாங்க் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினோம். ஆயில் மூடியைத் திறந்து பார்த்தால் ரிட்டர்ன் நன்றாக வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை வண்டியின் அடியில், டைமிங் கவரின் கீழ் விளிம்பிலிருந்து விழுந்த இரண்டு மூன்று சொட்டு ஆயில். புல்லட் சொட்டுவது ஊர் அறிந்த வேடிக்கை. ஆனாலும் புதிதாகக் கட்டிய இஞ்சினைச் சொட்டவிட்டு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஆடி 18-க்கு நான்கு நாள் இருந்தது. பேக்கிங் நகர்ந்திருக்கும் என்று நினைத்து, சைலன்சர் பைப்பையும் வலப்பக்கக் கால்மிதியையும் கழற்றிக் கவரைத் திறக்க முடிவெடுத்தேன். சொட்டு எங்கிருந்து கிளம்புகிறது என்று துடைத்துப் பார்க்கவில்லை. இது முதல் தவறு.

டைமிங் கவரின் உட்பக்கம், கிராங்க் நுனி வந்து சேரும் இடத்தில், சின்ன கார்க் வாஷர் ஒன்று உண்டு. பம்ப் அனுப்பும் ஆயில் கவரிலிருந்து சுற்றும் கிராங்க்குக்குள் தாவும் இடம் அதுதான். கார்க் அங்கே உட்கார்ந்திருந்தால்தான் ஆயில் கிராங்க்குக்குள் அழுத்தத்தோடு நுழையும். கவரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புது கார்க் போடவேண்டும் என்பது இந்த வண்டியில் கை வைத்த எவருக்கும் தெரிந்த விதி. எனக்கும் தெரியும். பேக்கிங் செட்டில் வந்த ஒற்றைக் கார்க்கை முதல் தடவையே போட்டாகிவிட்டது. புதிது வேண்டுமென்றால் ஈரோட்டுக்கோ சேலத்துக்கோ ஆள் போகவேண்டும். "நேத்து போட்டதுதானே, அதையே போட்டுக்கலாம்" என்று பட்டறையில் வேலை பார்க்கும் பையனிடம் சொன்னேன். இது இரண்டாவது.

கவரை நான்தான் மாட்டியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து வாத்தியாரிடமிருந்து போன். வண்டி ரெடியா, டாங்க்குக்கு மெருகு போட்டாச்சா, ஆர்.சி. புத்தகம் எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் பேசி முடித்து வருவதற்குள் பையன் புது பேக்கிங்கை ஒட்டிக் கவரை மூடி, ஸ்க்ரூ எல்லாம் இறுக்கி முடித்திருந்தான். கார்க் போட்டாயா என்று நான் கேட்கவில்லை. அவன் கண்ணுக்கு அது கவரிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதாகப் பட்டிருக்கிறது.

மறுபடி ஸ்டார்ட் செய்து இருபது நிமிடம் ஓட்டினோம். ராக்கர் குழாயின் போல்ட்டைத் தளர்த்திப் பார்த்தோம், ஆயில் பீறிட்டது. மூடியைத் திறந்தோம், ரிட்டர்ன் முன்னைவிடத் தாராளமாக வந்தது. எனக்குத் திருப்தி.

12 கிலோமீட்டர்

அன்று மாலை பையன் சேந்தமங்கலம் சாலையில் ஓட்டிப் பார்க்கப் போனான். 45-க்கு மேல் போகாதே, ஒரே வேகத்தில் பிடித்து வைக்காதே என்று சொல்லி அனுப்பியிருந்தேன். போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும் வழியில், சின்ன மேட்டில் மூன்றாம் கியரில் ஏற்றும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு தட்டல்.

"அண்ணா, சத்தம் ஒரு மாதிரி மாறிருச்சுங்ணா" என்று போனில் சொன்னான்.

"மேல இருந்தா, கீழ இருந்தா?"

"கீழ இருந்துதானுங்ணா. ஆக்சிலேட்டர விட்டா நிக்குது. குடுத்தா டொக்கு டொக்குங்குது."

டேப்பட் சத்தம் சுமைக்கு இப்படி மாறாது. பெட்ரோல் தட்டலாக இருந்தால் கூர்மையாகக் கேட்கும், அடியிலிருந்து வராது. அங்கேயே நிறுத்தச் சொன்னேன். "மெதுவா உருட்டிட்டு வந்துரட்டுமாங்ணா, ரெண்டு கிலோமீட்டர்தான்" என்றான். வேண்டாம் என்று குட்டியானை ஒன்றை அனுப்பி வண்டியை ஏற்றி வந்தோம். இந்த வழக்கு முழுக்க நான் எடுத்த முடிவுகளில் சரியானது என்று தயங்காமல் சொல்லக்கூடியது இது. மீட்டரில் 12 கிலோமீட்டர் ஓடியிருந்தது.

காரணம் தேடியது

அன்று இரவு நான் முதலில் சந்தேகப்பட்டது சேலம் லேத் பட்டறையை. அது நியாயமில்லை என்று தெரிய அரை மணி நேரம் ஆனது.

டைமிங் கவரில், கிராங்க் நுனிக்கு நேர் எதிரே, ஃபீட் பிளக் என்று ஒரு திருகு இருக்கிறது. இஞ்சின் ஓடும்போது அதைக் கொஞ்சம் தளர்த்தினால் பிக் எண்டுக்குப் போகும் ஆயில் அங்கே தெரியும். சத்தத்தோடு இஞ்சினை ஓட்ட மனமில்லாமல், அந்த ஃபீட் பிளக்கைக் கழற்றிக் கிக்கரை மட்டும் மிதித்துப் பார்த்தோம். அழுத்திக்கொண்டு வரவேண்டிய இடத்தில் ஆயில் கண்ணீர் மாதிரிக் கசிந்தது.

கவரைத் திறந்தோம். கார்க் இருக்கவேண்டிய பள்ளம் காலி. குப்பை டின்னில் தேடியபோது, அன்றைக்கு உரித்துப்போட்ட பேக்கிங்கின் பின்பக்கம் ஆயில் பசையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது கார்க்.

அப்போதுதான் மற்றதெல்லாம் விளங்கியது. கார்க் இல்லாததால் பம்ப் அனுப்பிய ஆயில் கிராங்க்குக்குள் போகாமல் டைமிங் கியர்களின் மேல் கொட்டி, கீழே வடிந்திருக்கிறது. வடிந்ததை ரிட்டர்ன் பம்ப் உண்மையாக உறிஞ்சி மேலே அனுப்பியிருக்கிறது. ராக்கருக்கும் அதே பம்ப்தான் ஆயில் கொடுக்கிறது. ஆகவே நான் திருப்தியாகப் பார்த்த இரண்டு சாட்சியும் ஒரே ஆளின் சாட்சி. பிக் எண்ட் காய்ந்துகொண்டிருந்ததைப் பற்றி அவை ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ரிட்டர்ன் "முன்னைவிடத் தாராளமாக" வந்ததுதான் உண்மையில் எச்சரிக்கை. நான் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

எடுத்த முடிவு

ஆடி 18-க்கு மூன்று நாள். எங்கள் முன் இரண்டு வழி இருந்தது. கார்க்கைப் போட்டு, ஆயிலை மாற்றி, சத்தம் குறைகிறதா என்று பார்ப்பது ஒன்று. 12 கிலோமீட்டர்தானே ஓடியது, புஷ் தப்பித்திருக்கலாம் என்ற ஆசை. பையன் அந்தப் பக்கம். அவன் குற்ற உணர்வு அவனை அப்படிப் பேச வைத்தது, அதில் எனக்குக் கோபம் இல்லை. இன்னொன்று, ஹெட்டையும் சிலிண்டரையும் வண்டியிலேயே கழற்றி ராடை நேராகப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பது. அதில் ஆட்டம் தெரிந்தால் இஞ்சினை இறக்கியே ஆகவேண்டும்.

நான் இரண்டாவதை எடுத்தேன். காரணம் கொல்லிமலைச் சாலைதான். அந்த ஏற்றத்தில் 70 கொண்டை ஊசி வளைவு. தாழ்ந்த கியரில், காற்று குறைவாகப் படும்போது, முழுச் சுமையும் பிக் எண்டில்தான் இறங்கும். அங்கே ராடு பிடித்துக்கொண்டால் பின் சக்கரமும் சேர்ந்து நிற்கும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர் வளைவில் வண்டியைச் சாய்த்திருக்கும் நேரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்த பிறகு, முதல் வழியைப் பற்றிப் பேச்சு எழவில்லை.

ராடை ஆட்டியதும் கையில் தட்டியது. இறக்கிப் பிரித்தபோது மிதக்கும் புஷ்ஷின் உட்புறம் கோடு விழுந்து, ஒரு பக்கம் நீலம் பாய்ந்திருந்தது. கிராங்க் பின்னும் தப்பவில்லை. பிஸ்டனும் போரும் நன்றாக இருந்தன. சிலிண்டருக்கு ஆயில் தெறிப்பில் போகிறது, அதனால் அது பிழைத்தது.

வாத்தியாரிடம் நேரில் போய்ச் சொன்னேன். கார்க்கைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "இதுக்கா?" என்று கேட்டார். இரண்டாம் முறைக்கான கூலியும் சாமானும் பட்டறைக் கணக்கு என்றேன். சரி என்றார். ஆடி 18 அன்று அவர் பஸ்ஸில் போனார்.

இரண்டாம் முறை

கிராங்க் மறுபடி சேலம் போய் வர ஒன்பது நாள். இந்தத் தடவை கழற்றிய ஒவ்வொன்றையும் ஒரு அட்டையில் இஞ்சின் உருவம் வரைந்து, அந்தந்த இடத்தில் துளை போட்டுச் செருகி வைத்தோம். கவர் மூடும் நேரத்தில் அட்டையில் ஒரு துளைகூட நிரம்பி இருக்கக்கூடாது. புது கார்க் ஆறு வாங்கி வைத்தோம். கார்க் சரியாக அழுந்துகிறதா என்று பார்க்க, பேக்கிங் இல்லாமல் கவரை வைத்தால் கார்க்கின் தடையில் கவர் கொஞ்சம் எழும்பி நிற்கவேண்டும், நின்றது.

ஏற்றுவது முதல் முறையைவிட வேகமாக முடிந்தது. ஸ்பேசர் எது எங்கே என்று தெரிந்திருந்ததால் போல்ட் எல்லாம் விரலிலேயே போயின. ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஃபீட் பிளக்கைத் தளர்த்தி வைத்துக் கிக்கர் மிதித்தோம். காற்றுக்குமிழ் இல்லாமல் ஆயில் அழுத்தி வரும்வரை மிதித்து, பிறகே திருகை மூடினோம். ஸ்டார்ட் ஆனதும் இன்னொரு முறை அதையே செய்தோம்.

மறுநாள் காலை வண்டியின் அடியில் அதே இடத்தில் அதே இரண்டு மூன்று சொட்டு.

இந்த முறை நான் கவரைத் தொடவில்லை. இஞ்சினின் வலப்பக்கம் முழுவதையும் பெட்ரோலில் துடைத்து, காயவிட்டு, முகப்பவுடரைத் தூவிவிட்டுப் பத்து நிமிடம் ஓட்டினோம். கவர் விளிம்பில் பவுடர் வெள்ளையாக அப்படியே இருந்தது. அதற்கு மேலே, டேப்பட் அறை மூடியின் கீழ்ப்பக்கத்திலிருந்து கறுப்பாக ஒரு கோடு கவரின் மேல் இறங்கி, விளிம்போடு ஓடி அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த மூடியை நடுவில் ஒரே நட்டுதான் பிடித்திருக்கிறது. யாரோ எப்போதோ அதிகமாக முறுக்கியதில் தகடு நடுவில் குழிந்து, ஓரம் தூக்கிக்கொண்டிருக்கிறது. கண்ணாடிப் பலகை மேல் வைத்துத் தட்டி நேராக்கி, புது பேக்கிங் போட்டு, கையளவுக்கு இறுக்கினோம். சொட்டு நின்றது. ஆக, டைமிங் கவரை முதல் தடவை திறந்திருக்கவே வேண்டியதில்லை.

பிறகு பட்டறையில் மாறியவை

டைமிங் கவர் திறந்து மூடிய எந்த புல்லட்டும் ஃபீட் பிளக் பார்க்காமல் இப்போது வெளியே போவதில்லை. ராக்கர் ஆயிலையும் ரிட்டர்னையும் இன்னும் பார்க்கிறோம். பிக் எண்டுக்கு அவற்றைச் சாட்சியாக எடுப்பதில்லை. சொட்டு என்று வந்தால் முதலில் துடை, பவுடர் போடு, பிறகுதான் ஸ்பேனர். கவர் மூடும் நேரத்தில் பட்டறையில் யாரும் போன் எடுப்பதில்லை. இது நான் எனக்கே போட்டுக்கொண்ட விதி, பையனுக்காகப் போட்டதல்ல.

விழா தேதியை வைத்து வேலை ஒப்புக்கொள்வதை நிறுத்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். அது நடக்கவில்லை. போன தைப்பொங்கலுக்கு இரண்டு வண்டி அப்படித்தான் எடுத்தேன்.

வண்டியை ஆவணி மூன்றாம் வாரம் கொடுத்தோம். 500 கிலோமீட்டரில் ஆயில் மாற்றினோம். வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்ததில் வெண்கலத் தூள் இல்லை. ஹெட் போல்ட்டுகளும் மவுண்டிங் போல்ட்டுகளும் மறுபடி இறுக்கினோம். முன் மவுண்டிங்கில் ஒன்று கால் திருப்பு ஏற்றது, மற்றவை அசையவில்லை. 2,000 கிலோமீட்டரில் ஃபீட் பிளக்கைத் தளர்த்திப் பார்த்தபோது ஆயில் அழுத்தம் முதல் நாள் மாதிரியே இருந்தது. வாத்தியார் மார்கழியில் ஒரு காலை யாரிடமும் சொல்லாமல் தனியாகக் கொல்லிமலை ஏறி, மதியம் பட்டறை வழியாகத் திரும்பினார். வண்டியை ஸ்டாண்ட் போட்டு, குனிந்து அடியில் பார்த்தார். தரை காய்ந்திருந்தது.